கிண்டி 90.4 தண்டையார்பேட்டைப் பக்கம் ஏன் நிற்க மாட்டேங்குது?

படிப்பகம்_தண்டை கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில், கடலுக்குக் கிட்டத்தில் ஒரு படிப்பகம். ஒரு மாடிக் கட்டடம். சாயங்காலம் பிள்ளைங்க, பெரியவங்க எல்லாம் சேர்ந்து இருபது பேர் உட்காருவாங்க. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்து 90.4 பண்பலை வானொலியை அங்கே தினமும் ஓட விடணும்னு எண்ணம். பாடம், உடல்நலம், வேலைவாய்ப்புன்னு பேச்சு நிகழ்ச்சி வேணும். விளம்பரமும் சினிமாப் பாட்டும் எங்கே திருப்பினாலும் வருது.

நிலவரம் இது. தரைத்தளத்தில் கையடக்க ரேடியோ வெறும் இரைச்சல். மாடிப்படித் திருப்பத்தில் பேச்சு பாதி புரியுது. மொட்டைமாடியில் சுத்தமா வருது, ஆனா ஆள் நகர்ந்தா போயிடுது. திருவொற்றியூர் தேரடி தாண்டினா ஒண்ணுமே இல்லை.

பவரைக் கூட்டச் சொல்லி மனு போட்டா நடக்குமா? இல்லைன்னா நம்ம பக்கம் என்ன மாதிரி ஆண்டெனா வெச்சா போதும்? நம்ம ஏரியா நிகழ்ச்சி ஒண்ணு ரெண்டை அவங்க வானொலியில் கொண்டு வரவும் ஆசை. அதுக்கு எப்படிப் பதிவு பண்ணித் தரணும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

—

அலைவரிசை:

மனு வேலைக்கு ஆகாது. காரணம் நிலையத்தாரின் மெத்தனம் அல்ல, விதி. 2004 பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கிய அண்ணா பண்பலை நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி. சமூக வானொலி உரிமத்தில் ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் திறனுக்கு, அதாவது இ.ஆர்.பி.க்கு, உச்சவரம்பு 100 வாட். நிலப்பரப்பு கோளாறானது என்று நிரூபித்தால் 250 வரை தனியாகப் பரிசீலிக்கலாம் என்று ஒரு வழி உண்டு. தட்டையான சென்னையில் அதை நிரூபிப்பது கஷ்டம். ஆண்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையக்கூடாது, 30 மீட்டரைத் தாண்டக்கூடாது. பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு கட்டும் உண்டு: டிரான்ஸ்மிட்டரும் ஆண்டெனாவும் முதன்மை வளாகத்துக்குள்தான் இருக்க வேண்டும். ஆகவே "வடக்கே ஒரு கம்பம் நட்டுக் கொடுங்க" என்பதும் எடுபடாது.

இந்த 100 வாட் என்பது டிரான்ஸ்மிட்டரில் எழுதியிருக்கும் எண் அல்ல. ஒரு மாதிரிக் கணக்கு: 50 வாட் டிரான்ஸ்மிட்டர், அரை அங்குலக் கேபிள் 40 மீட்டர். கேபிளிலேயே ஏறக்குறைய 0.9 டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு, 3 கூடினால் திறன் இரட்டிப்பு) போய் 41 வாட் மேலே சேரும். இரண்டு அடுக்கு ஆண்டெனா அதை இரட்டிப்பாக்கினால் 82 வாட் இ.ஆர்.பி. பெரிய தனியார் நிலையங்கள் பல ஆயிரம் வாட்டில் ஓடுகின்றன. அதையும் இதையும் ஒரே ரேடியோவில் ஒப்பிட்டால் இது தோற்கத்தான் செய்யும். சமூக வானொலியை உருவாக்கியதே பத்து கிலோமீட்டர் சுற்றளவைக் கணக்கில் வைத்துத்தான். அதனால்தான் பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசையும் இதே 90.4இல் நிம்மதியாக ஓட முடிகிறது.

கிண்டி வளாகத்திலிருந்து நேர்க்கோட்டில் வியாசர்பாடி 12 கி.மீ., ராயபுரம் 13, தண்டையார்பேட்டை 14, மாதவரம் 15, திருவொற்றியூர் 18, எண்ணூர் 24. தோராயக் கணக்குதான், ஆனால் நீங்கள் சொல்லும் நிலவரத்தோடு ஒத்துப்போகிறது.

—

கம்பிமேல்_குருவி:

அலைவரிசை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கே பிரச்சினை தூரம் மட்டும் இல்லை, உங்கள் ரேடியோ இருக்கும் உயரம்.

பூமியின் வளைவு மறைக்கிறதா என்று பலர் கேட்பார்கள். மறைக்கவில்லை. 30 மீட்டர் கம்பத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்த ரேடியோவுக்கு வானொலித் தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, 27 கி.மீ. சொச்சம். எண்ணூர்கூட அதற்குள் வந்துவிடும். ஆனால் தரையில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையை அடித்துவிடுகிறது. இந்த நிலையில் தூரம் இரட்டித்தால் மின்புலம், அதாவது வந்து சேரும் சிக்னலின் வலு, கால்பங்காகும். எழும்பூரில் கிடைப்பதில் கால்வாசிதான் உங்களுக்கு. அதேபோல் வாங்கும் ஆண்டெனாவின் உயரம் இரட்டித்தால் மின்புலமும் இரட்டிக்கும்.

தண்டையார்பேட்டைக்குக் கணக்குப் போட்டால், 100 வாட், 30 மீட்டர் கம்பம் என்று வைத்துக்கொண்டு, தெருவில் 1.5 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 36 டெசிபெல் மைக்ரோவோல்ட்/மீட்டர். 10 மீட்டர் உயரத்தில் 52. நடுவில் கட்டடமே இல்லாத ஏட்டுக் கணக்கு இது, நிஜத்தில் இன்னும் குறையும். பெருநகரத்தில் திருப்தியாகக் கேட்க உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லும் அளவு மோனோவுக்கு (ஒற்றை ஒலித்தடம்) 70, ஸ்டீரியோவுக்கு (இரட்டை ஒலித்தடம்) 74. ஆக நீங்கள் ஓர விளிம்பில் இருக்கிறீர்கள். தேரடிக்கு அப்பால் கையடக்க ரேடியோவில் எதிர்பார்க்கவே வேண்டாம்.

இப்போது பவர் கதையைப் பாருங்கள். நிலையம் 100ஐ 200 ஆக்கினால் உங்களுக்குக் கூடுவது 3 டெசிபெல், காதுக்குத் தெரிந்தும் தெரியாமலும். உங்கள் கம்பியை 1.5 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு ஏற்றினால் 12 டெசிபெல். நிலையம் 1,600 வாட்டில் ஓடுவதற்குச் சமம். மனுவுக்கு வாங்கும் வெள்ளைத்தாள் காசில் பாதி பைப் வந்துவிடும்.

இன்னொன்று, காசே இல்லாதது. ரேடியோவை மோனோவுக்கு மாற்றுங்கள். பலவீனமான சிக்னலில் ஸ்டீரியோ மோனோவை விட 20 டெசிபெல்லுக்கு மேல் இரைச்சல் கொடுக்கும். பேச்சு நிகழ்ச்சிக்கு ஸ்டீரியோ எதற்கு? சில ரேடியோக்களில் சுவிட்சு இருக்கும், கார் ஸ்டீரியோவில் மெனுவுக்குள் இருக்கும். மாடிப்படித் திருப்பத்தில் பாதி புரிந்த பேச்சு இதிலேயே முழுசாகப் புரியலாம்.

ஆண்டெனா அளவு நாளைக்கு எழுதுகிறேன்.

—

ஏரியா_பையன்:

தல, எதுக்கு இவ்ளோ கணக்கு? ஆன்லைன்ல 5 வாட், 7 வாட் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கிட் விக்குது. மாடில ஒரு ரேடியோ வெச்சு 90.4ஐப் புடிச்சு, அதே பாட்டை இந்த கிட்ல விட்டா மொத்த காசிமேடும் கேக்கும். யாரு வந்து பாக்கப் போறா?

—

அலைவரிசை:

தம்பி, வேண்டாம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம், அரை வாட்டாக இருந்தாலும் அதே சட்டம்தான். கண்டுபிடிக்க முடியாது என்பதும் தப்பு. விட்டுவிடாமல் ஒரே இடத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கும் அலையைத் திசைகாட்டும் கருவியால் பிடிப்பதுதான் அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரிகளின் வேலையிலேயே சுலபம்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் தொழில்நுட்பமாகவே ஓடாது. அதே 90.4இல் விட்டால் மாடியில் இருக்கும் உங்கள் ரேடியோவே முதலில் உங்கள் டிரான்ஸ்மிட்டரைத்தான் கேட்கும், ஊளைதான் மிச்சம். வேறு எண்ணில் விட்டால் யாரோ ஒருவருடைய நிலையத்தின் மேல் உட்காருவீர்கள். இரண்டு நிலையம் ஒரே எண்ணில் மோதினால் எஃப்எம்மில் வலுவானது மட்டும் கேட்கும், மற்றது காணாமல் போகும். பக்கத்துத் தெருவில் அந்த நிலையத்தைக் கேட்பவருக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாது.

அதைவிட முக்கியம், மலிவு கிட்டுகளில் வடிகட்டி இருக்காது. எஃப்எம் பட்டை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிற இடத்தில் விமானப் பட்டை தொடங்குகிறது. இந்தப் பெட்டி துப்பும் தேவையில்லாத அலைகள் அங்கே போய் விழும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானிக்குக் கானாப் பாட்டு கேட்டால் அது விளையாட்டு இல்லை.

சட்டப்படி செய்யத் தோதான ஒன்று இருக்கிறது. நிலையத்திடம் கேட்டு நிகழ்ச்சிகளைப் பென்டிரைவில் வாங்கி வந்து படிப்பகத்தில் குறிப்பிட்ட நேரத்துக்குப் போட்டுக் கேட்பது. சமூக வானொலிக்காரர்கள் இதை நேரோகாஸ்டிங் என்பார்கள். கேட்டு முடித்ததும் அங்கேயே பத்து நிமிடம் பேசி, அந்தப் பேச்சைப் பதிவு செய்து நிலையத்துக்குத் திருப்பி அனுப்பினால் அவர்களுக்கு அதுவே ஒரு நிகழ்ச்சி. வெளியே கோன் ஸ்பீக்கர் கட்டுவதாக இருந்தால் காவல்துறை அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது.

—

கம்பிமேல்_குருவி:

சொன்னபடி ஆண்டெனா.

90.4 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த இரண்டு கை ஆண்டெனா. 142.5ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும்: 1.576 மீட்டர். 10 அல்லது 12 மி.மீ. அலுமினியக் குழாய் என்றால் ஒவ்வொரு கையும் 78 செ.மீ., நடுவில் 2 செ.மீ. இடைவெளி. ஒரு செ.மீ. முன்னே பின்னே இருந்தால் குடி முழுகாது, இது வாங்கும் ஆண்டெனாதானே. குழாய் மண்ணடி இரும்புக் கடைகளில், ஆர்ஜி-6 கேபிளும் கனெக்டரும் ரிச்சி தெருவில். கேபிள் டிவிக்குப் போடும் அதே ஆர்ஜி-6 போதும், அதன் 75 ஓம் டைபோலோடு அப்படியே பொருந்தும். 20 மீட்டருக்கு இழப்பு 1.2 டெசிபெல்தான். அதற்காக விலை உயர்ந்த கேபிள் தேட வேண்டாம்.

கம்பியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சமூக வானொலி ஆண்டெனாக்கள் பெரும்பாலும் செங்குத்து. பழைய தூர்தர்ஷன் ஆண்டெனா மாதிரி படுக்க வைத்தால் 10 டெசிபெல்லோ அதற்கு மேலோ காற்றில் விடுவீர்கள். வைத்த பிறகு ஒரு தடவை சாய்த்தும் படுக்கவைத்தும் கேட்டுப் பாருங்கள். கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் இடத்தில் 45 பாகை சாய்வு ஜெயிப்பதும் உண்டு.

பலரும் தப்பு செய்வது இரண்டு இடத்தில். ஒன்று, டைபோலை இரும்புக் கம்பத்தோடு ஒட்டிக் கட்டுவது. செங்குத்துக் கம்பிக்குப் பக்கத்தில் செங்குத்து இரும்பு நின்றால் அதுவும் ஆண்டெனாவின் பாகமாகி அளவையே குலைக்கும். கம்பத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, பிவிசி குழாயைக் குறுக்குக் கையாக நீட்டி அதன் நுனியில் டைபோலை வையுங்கள். இரண்டாவது, கேபிளைக் கீழ்க்கையோடு சேர்த்துத் தொங்க விடுவது. கேபிள் குறுக்குக் கை வழியே பக்கவாட்டில் குறைந்தது 80 செ.மீ. போய்விட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். இணைப்புக்குப் பக்கத்திலேயே கேபிளை 10, 12 செ.மீ. விட்டத்தில் ஆறு சுற்றுச் சுற்றி டேக் போட்டு வையுங்கள். ஆள் நகர்ந்தால் சிக்னல் போவது நிற்கும். கையடக்க ரேடியோவில் உங்கள் உடம்பும் ஆண்டெனாவில் பாதி, அதனால்தான் இப்போது போகிறது.

இது பத்தாவிட்டால் பின்னால் ஒரு பிரதிபலிப்பான்: 166 செ.மீ. நீளமுள்ள முழுக் குழாய், நடுவில் வெட்டக்கூடாது, கேபிள் கிடையாது, டைபோலுக்கு 66 செ.மீ. பின்னால், அதுவும் செங்குத்தாக. 4 டெசிபெல் வரை கூடும், பின்பக்கத்து நிலையங்கள் அடங்கும். முன்பக்கம் கிண்டியைப் பார்க்கணும். தண்டையார்பேட்டையிலிருந்து அது தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே, ஏறக்குறைய 25 பாகை.

கடற்கரை என்பதால் உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லணும். உங்கள் ஏரியாவில் ஆண்டெனா கெடுவது காற்றால் இல்லை, இணைப்பில் பூக்கும் வெள்ளைப் பொடியால். அலுமினியத்தில் செம்புக் கம்பியை நேரடியாக முறுக்கினால் உப்பு ஈரத்தில் அது ஒரு சின்ன பேட்டரி. ஒரு மழைக்காலத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். கம்பி முனையில் ஈயம் பூசிய லக்கு (வளைய முனை) போட்டு, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குருவும் வாஷரும் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கனெக்டர் மேல் சாதா இன்சுலேஷன் டேப் மூன்று மாதத்தில் உரிந்துவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் என்று கேட்டு வாங்கி இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளுக்குள் ஒரு தடவை தண்ணீர் ஏறினால் காயாது. அந்த நீளத்தை வெட்டி எறிவதுதான் வழி.

கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பாருங்கள். கம்பத்துக்குத் தனி எர்த். புயல் எச்சரிக்கை வந்தால் இறக்கி வைத்துவிடுங்கள், 10 நிமிட வேலை.

ரேடியோவுக்கு என் ஓட்டு பழைய கார் ஸ்டீரியோவுக்கு. பலமான நிலையங்களுக்கு நடுவில் பலவீனமானதைப் பிடிக்கவே செய்தது அது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரி மாலை இரண்டு மணி நேரத்துக்குத் தாராளமாகப் போதும். மலிவு அடாப்டரில் ஓட்டினால் அடாப்டரே இரைச்சல் போடும். எல்இடி பல்பும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் பேட்டரியில் ரேடியோவை ஓட விட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான்.

முதல் சோதனைக்கு 107.8ஐயும் பாருங்கள், எம்.ஓ.பி. வைணவக் கல்லூரியின் வானொலி. நுங்கம்பாக்கம் உங்களுக்குப் பத்து கிலோமீட்டர்தான். அது சுத்தமாக வந்து 90.4 வராவிட்டால் ஆண்டெனாவில் பிழை இல்லை, தூரம்தான்.

கோடையில் விடிகாலையில் 90.4இல் திடீரென்று வேறு நிலையம் கேட்டால் பயப்படாதீர்கள். கடல் மேல் வெப்பக்காற்றுப் படுகை அமைந்தால் இலங்கைப் பண்பலைகள் சென்னைக் கரை வரை வரும். வெயில் ஏறினால் போய்விடும்.

—

ஒலிக்கூடம்:

நிகழ்ச்சி பற்றிய கேள்விக்கு. எந்தச் சமூக வானொலிக்கும் நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கோடு உருவானதாக இருக்கணும். அதனால் பதிவு செய்து கொண்டுவரும் ஆளை விரட்ட மாட்டார்கள். விரட்டுவது பதிவின் தரத்தைப் பார்த்துத்தான்.

நேரம்: அரைமணி இடம் என்றால் 28 நிமிடம். முன்னும் பின்னும் நிலைய அறிவிப்பு வரும். எழுதிப் படிப்பதாக இருந்தால் நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம், 130 வேகத்தில் படித்தால் மூச்சு வாங்குவது கேட்கும்.

கோப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ், மோனோ. 28 நிமிடத்துக்கு 160 எம்பி சொச்சம் வரும். அதை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் பிழிந்து சக்கையாக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லை பென்டிரைவ். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். சத்தம் குறைவாக இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம், உடைந்துபோனதை ஒட்ட முடியாது.

போன் போதும், ஆனால் ஏரோபிளேன் மோடில். இல்லாவிட்டால் அழைப்பு வந்து பதிவு அறுந்து போகும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' சொல்லும்போது காற்று மோதாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: எஃப்எம்மில் அனுப்புமுன் உயர்ந்த சுருதிகளை வேண்டுமென்றே தூக்குவார்கள். நம் நாட்டு அளவில் 10 கிலோஹெர்ட்ஸில் அது 10 டெசிபெல். உங்கள் ஹெட்போனில் கூர்மையாக, அழகாகக் கேட்கும் 'ஸ', 'ஷ', வார்த்தை நடுவில் வரும் 'ச' எல்லாம் அங்கே போய் லிமிட்டரில் (ஒலியை வரம்புக்குள் நிறுத்தும் கருவி) இடித்துச் சீறும். ஆகவே டிரெபிளைக் கூட்டாதீர்கள். கீழே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டிவிடுங்கள், எண்ணூர் விரைவுச்சாலை கன்டெய்னர் லாரி உறுமல் அங்கேதான் இருக்கிறது.

காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்தைப் பதிவு செய்ய எல்லாருக்கும் ஆசை வரும். ஏலக் குரல் அருமையான ஒலி. ஆனால் ஐஸ் உடைக்கும் மிஷினுக்கும் படகு டீசல் இஞ்சினுக்கும் நடுவில் பேட்டி எடுத்தால் ஒரு சொல் தேறாது. ஏலச் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டியைச் சுவர் மறைவில், வலை அடுக்கியிருக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள். குவித்த வலை எதிரொலியைக் குடித்துவிடும், காசு கொடுத்து வாங்கும் ஃபோமைவிடப் பல நேரம் மேல். கடல்காற்றுக்கு மைக்கோடு வரும் ஸ்பாஞ்சு காணாது, ரோமம் வைத்த உறை வேண்டும். இல்லையென்றால் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். ஏலச் சத்தத்தைப் பிறகு பேச்சுக்கு அடியில் மெல்லியதாக, 15, 20 டெசிபெல் இறக்கிச் சேருங்கள்.

பாட்டு: சினிமாப் பாட்டு போட்டால் உரிமைப் பிரச்சினை. கானாவில் கவனம், வரிகள் பாடகருடையதாக இருந்தாலும் மெட்டு படப்பாட்டாக இருந்தால் அதே சிக்கல். சொந்த மெட்டா என்று கேட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டு தெரிந்த பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களைப் பதிவு செய்யுங்கள். அதற்கு மெட்டுக்காரர் யாரும் வந்து கேட்கப் போவதில்லை, வேறெந்த நிலையத்திலும் கிடைக்கப் போவதும் இல்லை.

செய்தி: சமூக வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். ஆனால் வானிலை, புயல், போக்குவரத்து, குடிநீர், மின்தடை, தேர்வு, விளையாட்டு, கோயில் திருவிழா எல்லாம் செய்தியாகக் கருதப்படாது. இவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். வானிலை எண்களை மட்டும் முன்கூட்டிப் பதிவு செய்த நிகழ்ச்சிக்குள் வைக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து ஒலிபரப்பானால் கடலுக்குப் போகிறவருக்கு அது பொய்த் தகவல். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண் சொல்வதாக இருந்தால் பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1, 2 தொலைவு எச்சரிக்கை, 3, 4 துறைமுகத்துக்கான உள்ளூர் எச்சரிக்கை, 5 முதல் 7 அபாயம், 8 முதல் 10 பெரும் அபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். வெறும் எண்ணைச் சொன்னால் கரைக்காரருக்குப் புரியும், புதிதாகக் குடிவந்தவருக்குப் புரியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னுவது, இஞ்சின் பழுது, கடன், பிள்ளைகள் சேர்க்கை என்று பேச ஆள் கிடைக்கும் காலம் அதுதான். மார்ச்சிலேயே நிலையத்தில் பேசி இடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

—

படிப்பகம்_தண்டை:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கிளைக் கேள்வி. இவ்வளவு செய்வதற்குப் பதிலா வடக்கே இருக்கிற ஒரு கல்லூரியே சொந்தமா வானொலி தொடங்கினா?

—

அலைவரிசை:

அதுதான் சரியான வழி, நேரம் மட்டும் பிடிக்கும். 2006 நவம்பருக்குப் பிறகு தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம், கல்லூரி மட்டும் என்றில்லை. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா தளத்தில் விண்ணப்பம், கட்டணம் 2,500 ரூபாய். பல துறைகளின் ஒப்புதல் வந்ததும் விருப்பக் கடிதம் கிடைக்கும். பிறகு சரல் சஞ்சார் தளத்தில் கம்பம் நிற்கும் இடத்துக்கும் அலைவரிசைக்கும் அனுமதி, அதன்பின் அமைச்சகத்தோடு ஒப்பந்தம், கடைசியில் இயக்க உரிமம். அட்சரேகை தீர்க்கரேகையில் நொடிக்கணக்கைத் தப்பாகப் போட்டு, கம்பம் கடலுக்குள் நிற்பதாக விண்ணப்பம் திரும்பி வருவதுதான் கரையோரத்தில் அடிக்கடி நடக்கும் கூத்து. மொட்டைமாடியில் நின்று எடுங்கள், அலுவலக மேசையிலிருந்து அல்ல.

ஒரே அமைப்பு ஆறு நிலையம் வரை வைக்கலாம் என்று 2024இல் விதி வந்தது, ஆனால் வெவ்வேறு மாவட்டங்களில். கிண்டிக்காரர்களே வடசென்னையில் இரண்டாவது தொடங்க அது உதவாது. விளம்பரம் மணிக்கு 7 நிமிடமாக இருந்தது 12 ஆயிற்று. அரசு விளம்பரக் கட்டணம் 10 நொடிக்கு 52லிருந்து 74 ரூபாய். கம்பம் திருவொற்றியூர் நடுவில் நின்றால் தெற்கே காசிமேடு, வடக்கே எண்ணூர், மேற்கே மணலி மூன்றும் ஏழு கிலோமீட்டருக்குள் வரும். தரை ரேடியோவிலேயே கேட்கும்.

—

படிப்பகம்_தண்டை:

டைபோல் மாட்டியாச்சு. பிவிசி கை, செங்குத்து, 9 மீட்டர் உயரம், கார் ஸ்டீரியோ, மோனோ. பேச்சு தெளிவு. ஆனா சில நேரம் அடியில 91.1இன் பாட்டு மெலிசா கலந்து கேக்குது. பிரதிபலிப்பான் இன்னும் போடலை.

—

கம்பிமேல்_குருவி:

0.7 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் பலமான நிலையம் இருக்கிறது, எதிர்பார்த்ததுதான். கேபிள் டிவிக்காரரிடம் 6 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சின்னத் துண்டு) ஒன்று வாங்கி ரேடியோவுக்கு முன்னால் மாட்டிப் பாருங்கள். பாட்டு சட்டென்று மறைந்து பேச்சு அப்படியே நின்றால், ரேடியோவின் முன்பகுதி திணறுகிறது என்று பொருள். அட்டெனுவேட்டரை அப்படியே விட்டுவிடுங்கள், ஸ்டீரியோவில் லோக்கல் பொத்தான் இருந்தால் அதுவும் இதே வேலைதான். பாட்டும் பேச்சும் சேர்ந்தே மங்கினால் ரேடியோவால் பக்கத்து எண்ணைப் பிரிக்க முடியவில்லை. அப்போது அட்டெனுவேட்டரைக் கழற்றிவிட்டுப் பிரதிபலிப்பானைப் போட்டு, குறுக்குக் கையை ஐந்து ஐந்து பாகையாகத் திருப்புங்கள். 90.4 பலமாக வரும் திசையைத் தேடாதீர்கள், 91.1 அடங்கும் திசையைத் தேடுங்கள். அங்கே கம்பத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். புயலுக்கு இறக்கி ஏற்றும்போது வேண்டியிருக்கும்.